இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்

1

எங்கள் ஊர் மாதா கோவில் திருவிழாவுக்கு இந்த வருடம் விழா மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டும் என்று ஆவூர்ப் பக்கத்திலிருந்து என் அண்ணன் ஃபோன் செய்தார். துபாய்க்காரர் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறாராம். சிங்கப்பூர்க்காரர் சுத்தத்தைப் பற்றி. அயர்லாந்தில் இருக்கும் எனக்கு என்ன தலைப்பு என்று கேட்டேன்.

"நீ டீத்தூளைப் பத்தி எழுதுடா சவரி. நல்ல தூளு எது, கலப்படம் எதுன்னு. ஒனக்கு வேற என்ன தெரியும்?" என்றார்.

கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. என் மனைவி ஜெசிந்தாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து, அவள் பின்னால் நானும் மகளும் வந்து சேர்வதற்கு முன், பதினெட்டு வருடம் மொபெட்டில் டீத்தூள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கீரனூரிலிருந்து ஜெகதாப்பட்டினம் வரை டீக்கடை டீக்கடையாக லைனுக்குப் போனவன் நான். இங்கே பதினோரு வருடமாகக் குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அதைப் பற்றி மலரில் எழுதினால் எழுதுகிற எனக்கே தூக்கம் வந்துவிடும்.

அண்ணன் கேட்டது ஒரு பக்கம்தான். ஆனால் போன மாதம் டீயால் என் மகளின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அதை விட்டுவிட்டு டீத்தூளைப் பற்றி மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

2

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கத்தரிக்கோலை எடுத்தாலும் இந்தப் பகுதியாவது தப்பிக்கட்டும்.

தூளை வாங்கி வந்தவுடன் கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை தூவுங்கள். நல்ல தூள் அவசரப்படாது. கொஞ்சம் மிதக்கும், மெல்ல இறங்கும், வெகுநேரம் கழித்துத்தான் லேசாக நிறம் விடும். போட்ட மாத்திரத்தில் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆனால் அது சாயம். நனைத்த வெள்ளைத் தாளில் தூவினாலும் தெரியும், சாயத்தூளைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக நிறம் ஊறும். ஒரு காந்தத்தை மேலே ஓட்டுங்கள். இரும்புத் துகள் கலந்திருந்தால் ஓடி வந்து ஒட்டும்.

பிறகு உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மோந்து பாருங்கள். சாக்கு வாடை அடித்தால் ஈரம் பட்ட சரக்கு. வாசமே இல்லையென்றால் பழசு. நாரும் சிவப்புக் குச்சியும் நிறையத் தெரிந்தால் அது கழிவு. போட்ட டீ செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். கறுத்துக் கிடப்பதைத் திடம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். பால் சேர்க்காத நல்ல டீ ஆறினால் லேசாகக் கலங்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், அதுவே நல்ல தூள் என்பதற்குச் சாட்சி. வாயில் வைத்தால் துவர்ப்பு நாக்கின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுப்பது வெறும் கசப்பு.

இன்னொன்று, டீத்தூளுக்குப் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை வாங்கிக்கொள்ளும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருமுறை ஜெகதாப்பட்டினத்தில் துறைமுகக் கடைகளுக்குத் தூள் போட்டுவிட்டுத் திரும்பும்போது, பழகிய கடைக்காரர் ஒரு கூடை கருவாடு கொடுத்தார். மீதி மூட்டையின் மேல் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் அந்த மூட்டை கீரனூர்க் கடைக்குப் போனது. கடைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன சவரி, டீக்குள்ள நெத்திலி நீந்துது?"

மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். மோசமான தூளை நல்ல தூள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. லைனில் எனக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

3

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேற்கொண்டு நடந்தது விளங்காது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தால் டீ குடிப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தட்டு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கையை லேசாக ஆட்டி, "வேணாம்ங்க, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்பார். முடிந்தது. அதற்குமேல் பெண் வீட்டார் வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்தினால் பெண்ணைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று பேச்சு கிளம்பும்.

என் அக்காவைப் பார்க்கக் குளத்தூரிலிருந்து வந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஆறு தம்ளர் டீ ஆடை படிந்து தட்டிலேயே இருந்தது. அம்மாவுக்குக் கொட்ட மனமில்லை, எங்களுக்கே எடுத்துக் கொடுத்தார். நான் இரண்டு தம்ளர் குடித்தேன், அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜெசிந்தாவைப் பார்க்க நான் போனபோது நடந்தது வேறு. தம்ளரை வாங்கியதுமே நிறம் எனக்கு இடித்தது. தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. கைக்குட்டையின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் ஊறுகிறதா என்று பார்த்தேன். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. மாமனார் முகம் செத்துப்போனது. அவர் எந்தக் கடையில் தூள் வாங்குகிறார் என்று நான் விசாரித்ததை ஜெசிந்தா இருபத்தாறு வருடமாகச் சொல்லிக் காட்டுகிறாள். அன்று அந்தச் சாய டீயை முழுக்கக் குடித்தேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

4

எங்களுக்கு ஒரே மகள், செலின். பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவள். எங்களோடு பேசும்போது தமிழ் ஆவூர்த் தமிழாகவே இருக்கிறது, மற்றதெல்லாம் மாறிவிட்டது. வேலைக்காகத் தலைநகரில் தனியாக இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் ஓட்ஸிலிருந்து எடுத்த பாலில் பச்சையாக ஏதோ ஒன்றைக் கலக்கிக் குடிக்கிறாள். டீயைப் பற்றி அவளிடம் பேசுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் ஃபோனில் காதல் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். பையன் பெயர் கோனர். இந்த ஊர்க்காரன். கூட வேலை பார்க்கிறவன். பெற்றோர் விவசாயிகள். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அண்ணனுக்குச் சொன்னேன்.

"நம்ம வேதந்தானா?" என்றார்.

"கத்தோலிக்கந்தாண்ணே."

"அப்பச் சரி. என்ன ஆளுக?"

"வெள்ளைக்காரங்கண்ணே."

"அது தெரியுதுடா. வெள்ளைக்காரங்கள்லயே என்ன ஆளுக?"

மாடு வைத்துப் பால் கறக்கிறவர்கள் என்றேன். எத்தனை மாடு என்றார். நூற்றிருபது என்றேன்.

"நூத்தி இருபதா! எலே, பேசி முடிச்சிருடா" என்றார். வேலையோடு வேலையாக, வருகிறவர்களுக்குக் கொடுக்க இரண்டு கிலோ நல்ல தூள் பார்சல் அனுப்புவதாகவும் சொன்னார்.

பார்சல் வந்தது, ஆனால் வீட்டுக்கு வரவில்லை. சுங்கத்தில் நிறுத்தி வைத்திருப்பதாகவும், பொருள் என்ன, எதற்கு என்று படிவம் நிரப்ப வேண்டும் என்றும் கடிதம் வந்தது. அரசாங்கப் படிவத்தில் ஒன்றையும் மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. பொருள்: நன்றாக அரைபட்ட கரும்பழுப்புத் தூள். நோக்கம்: மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்க. விளைவு: குடித்தால் சம்மதம்.

மறுநாளே ஃபோன் வந்தது. ஒரு பெண் அதிகாரி. அரை மணி நேரம் விசாரித்துவிட்டு, "அப்படின்னா இது டீயா?" என்றார். டீதான் என்றேன். "அதை எழுதறதுக்கு என்ன?" என்றார். பிறகு குரல் மாறி, எங்கள் ஊர் டீ உங்களுக்கு ஆகவில்லையா என்று மனத்தாங்கலாகக் கேட்டார். ஒரு மாதிரி சமாளித்தேன். பார்சலை விட்டுவிட்டார்.

5

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கோனர் வீட்டார் வருவதாகப் பேச்சு. நான் காலையிலேயே தூளைப் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், தாளில் தூவினேன், ஃபிரிட்ஜிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி ஓட்டினேன்.

"ஒங்க அண்ணன் அனுப்புன தூளுதாங்க. திருடனப் பிடிச்ச போலீஸ் மாதிரி நிக்காதீங்க" என்றாள் ஜெசிந்தா.

சரியாக மூன்று மணிக்குக் கோனரின் பெற்றோர் வந்துவிட்டார்கள். அப்பா பிரெண்டன், வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், பெரிய பெரிய கைகள். அம்மா மோரீன், கையில் வீட்டில் செய்த கேக். பிள்ளைகளைத்தான் காணோம். செலின் ஃபோன் செய்தாள். "கார் டயர் பஞ்சர்ப்பா. வர ஒன்றர மணி நேரமாவது ஆகும். நீங்க டீ குடுத்துப் பேசிக்கிட்டு இருங்க."

உட்கார வைத்தேன். அடுக்களையில் டீ கொதித்து, ஏலக்காய் வாசம் வீடு முழுக்கப் பரவியிருந்தது. "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். மோரீன் சொன்னது ஆங்கிலத்தில்தான். ஆனால் நம் பேச்சில் எழுதினால்தான் அது என் காதில் எப்படி விழுந்தது என்று உங்களுக்குப் புரியும். அவர் கையை லேசாக ஆட்டினார்.

"ஐயோ, வேணாம்ங்க. இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்."

குளத்தூர்க்காரர்களேதான். கை ஆட்டல்கூட அதேதான். ஐயாயிரம் மைல் தாண்டி வந்தும் விடவில்லை என்று நினைத்தேன். ஜெசிந்தா தட்டோடு அடுக்களை வாசல்வரை வந்துவிட்டிருந்தாள். அவள் காதிலும் அது விழுந்தது. அப்படியே தட்டோடு திரும்பிப் போனாள். அவள் திரும்பியதை அவர்கள் இருவரும் பார்த்தார்கள்.

எங்களுக்கும் மானம் இருக்கிறது. நான் மறுபடி கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம். அயர்லாந்தில் மழையைப் பற்றி நாற்பது நிமிடம் பேச முடியும். மோரீன் இரண்டு முறை அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிரெண்டன் தொண்டையைச் செருமி, வாய் வறண்டு கிடக்கிறது என்றார். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். தண்ணீர் கொடுப்பதில் சம்பந்தப் பேச்சு எதுவும் இல்லை, யாருக்கும் கொடுக்கலாம். அவர் அந்தத் தம்ளரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குடித்தார்.

நாலு மணிக்குக் கறவைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். கை கொடுத்தார்கள். கார் தெருமுனை திரும்பியதும் ஜெசிந்தா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது, ஆனால் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். எங்கள் பிள்ளைக்கு என்ன குறை? படிப்பில்லையா, குணமில்லையா? அண்ணனுக்குச் சொன்னேன்.

"நூத்தி இருபது மாடு வச்சிருக்கான்ல, அந்தத் திமிருடா" என்றார்.

6

நாலரை மணிக்குச் செலினும் கோனரும் வந்து நின்றார்கள். நான் பேச வாயெடுக்கும் முன் செலின் என்மேல் பாய்ந்தாள்.

"அப்பா, அவங்களுக்கு ஏன் டீ குடுக்கல?"

"கேட்டேன். வேணாம்னு சொல்லிட்டாங்க. ஒன்ன வேணாம்னுட்டாங்கம்மா."

"எத்தன தடவ கேட்டீங்க?"

"இதென்ன கேள்வி? ஒரு தடவதான்."

அவள் மாடிப்படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். வழியிலேயே மோரீன் மகனுக்கு ஃபோன் செய்து அழுதிருக்கிறார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள், வீடெல்லாம் வாசம், கண்ணெதிரே தட்டு வந்து திரும்பிப் போனது, நம் பையனைப் பிடிக்கவில்லையென்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று.

"இங்க மூணு தடவ கேக்கணும்ப்பா! மொதல் ரெண்டு தடவ வேணாம்னுதான் சொல்லுவாங்க, அதான் மரியாத. கேட்ட ஒடனே வாங்குனா அலையுறாங்கன்னு அர்த்தம். பதினோரு வருஷமா இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

தெரியாது. கிடங்கில் என்னோடு இருப்பவர்கள் போலந்துக்காரர்கள், பிரேசில்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் மலையாளிகளோடும் நம் ஆட்களோடும் நின்று பேசுவேன். அன்றுவரை பதினோரு வருடத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர்கூட என் வீட்டுப் படியேறியதில்லை, நானும் அவர்கள் வீட்டுப் படியேறியதில்லை. அன்று அந்தப் படியருகே நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. மிகவும் கேவலமாக உணர்ந்தேன்.

ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். தினமும் இந்த ஊர் நோயாளிகளோடு இருக்கிறவள் அவள்.

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். வார்டுல நானே மூணு தடவ கேப்பேன்" என்று கண்ணைத் துடைத்தாள். "வார்டுல நான் நர்சு. இங்க நான் பொண்ணுக்கு ஆத்தாவுல்ல? எல்லாம் மறந்துபோச்சு."

இத்தனைக்கும் நடுவில் கோனர் அடுக்களைக்குள் போய், ஆறிப்போய் ஆடை கட்டியிருந்த டீயை நின்றபடியே இரண்டு தம்ளர் குடித்திருந்தான். அவனை யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பையனை எனக்குப் பிடித்துப்போனது.

7

பிள்ளைகள் எடுத்துச் சொன்னதும், கோனரின் பெற்றோர் அடுத்த ஞாயிறு தங்கள் பண்ணைக்கு எங்களை அழைத்தார்கள். காரில் போகும்போது ஜெசிந்தா எனக்குப் பாடம் எடுத்தாள். "ரெண்டு தடவ வேணாம்னு சொல்லணும். மூணாவது தடவ சரின்னு சொல்லணும். ஒங்க கைக்குட்டைய இப்பவே எங்கிட்டக் குடுத்துருங்க." கொடுத்துவிட்டேன்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. செலின் நம் ஊர் வழக்கத்தை அவர்களுக்கும் விளக்கியிருந்தாள். தமிழர்கள் டீயை வேண்டாம் என்றால் சம்பந்தத்தையே வேண்டாம் என்று அர்த்தம், அதற்குமேல் வற்புறுத்துவது அவமரியாதை என்று ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

பிள்ளைகள் இருவரும் புதிதாகப் பிறந்த கன்றைப் பார்க்க அங்கிட்டுத் தொழுவத்துக்குப் போனார்கள். நாங்கள் அடுக்களை மேசையில் உட்கார்ந்தோம். பிரெண்டன் எழுந்து நின்று, பூசையில் வாசகம் வாசிப்பவரைப் போல, "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

நான் கையை லேசாக ஆட்டினேன். "வேணாம்ங்க. இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்."

மோரீன் நெஞ்சில் கை வைத்தார். பிரெண்டன் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன். ஜெசிந்தா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். பொறு என்கிறாளா, ஏதாவது சொல் என்கிறாளா என்று புரியவில்லை. மோரீனின் கண் கலங்கியது. பிரெண்டன் எழுந்துபோய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக மாடுகளைப் பார்த்தார். என் மகளின் கல்யாணம் என் கண்முன்னால் இரண்டாவது தடவையாக நின்றுபோவதைப் பார்த்தேன்.

மரியாதையாவது ஒன்றாவது. எழுந்து நின்றுவிட்டேன்.

"டீ வேணும்!" என்று கத்தினேன். "எனக்கு டீ வேணும்! நாங்க குடிச்சிட்டு வரல! காலையிலேருந்து ஒண்ணுமே குடிக்கல!"

தொழுவத்திலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மோரீன் அழுதுகொண்டே சிரித்தார். பிரெண்டன் என்னைக் கட்டிப்பிடித்ததில் விலா எலும்பு வலித்தது. எங்களுக்காகவே எங்கள் ஊர் முறையில் டீ வைத்திருப்பதாகச் சொன்னார். கம்ப்யூட்டரில் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் இருந்தது. காலை பத்து மணியிலிருந்து கொதிக்கிறது என்றார் பெருமையாக.

மக் என் கைக்கு வந்தது. பால் அடிப்பிடித்த வாடை முதலில் வந்தது. பிறகு பட்டை, மிளகு, இன்னும் என்னென்னவோ. டீ பேக்கைக் கிழித்துக் கொட்டியிருந்ததால் காகிதத் துணுக்கு ஒன்று மேலே மிதந்தது. நிறம் மஞ்சளும் கறுப்புமாக இருந்தது, மஞ்சள்தூளும் போட்டிருக்க வேண்டும். ஒரு வாய் குடித்தேன். துவர்ப்பு நாக்கின் பக்கமே வரவில்லை. கசப்பு மட்டும் நேராகத் தொண்டைக்குப் போய் உட்கார்ந்தது. என் வாழ்நாளில் நான் குடித்த டீயிலேயே மோசமான டீ அதுதான்.

பிரெண்டன் கையைப் பிசைந்துகொண்டு எதிரில் நின்றார். நூற்றிருபது மாட்டுக்குச் சொந்தக்காரர், மகனுக்காக ஒரு பாத்திரத்துக்கு முன்னால் காலையிலிருந்து கிண்டிக்கொண்டு நின்றிருக்கிறார். இன்னொரு வாய் குடித்தேன்.

"நல்லா இருக்கா?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். "இன்னொண்ணு கெடைக்குமா?"

அவர் முகம் மலர்ந்துபோய், மக்கை விளிம்புவரை நிரப்பினார். பிறகு பாத்திரத்தோடு கோனர் பக்கம் திரும்பினார். செலின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒரு மக் கொடுத்திருந்தார்கள், அதைக் கஷ்டப்பட்டுப் பாதிவரை குடித்திருந்தாள். யாருக்கும் புரியாமல் தமிழில் கேட்டாள்.

"அப்பா, கேவலமா இருக்குல்ல?"

"ஆமா. மூஞ்சியக் காட்டாமக் குடி."

அவள் என் கையிலிருந்து மக்கை வாங்கினாள். அதில் பாதியைத் தன் மக்கில் ஊற்றிக்கொண்டு, மீதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்பக் குடிங்கப்பா" என்றாள். இரண்டு பேரும் குடித்தோம்.